ஆறாம் நம்பர் டிராம் நின்ற நாள்

பாகலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுகுணாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை மாப்பிள்ளை அனுப்பும் இரண்டு வரியில்தான் தெரிந்துகொள்கிறோம். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, பேசி அனுப்பினால் அதையும் கேட்பதில்லை, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன் கண்ணு, இதையாவது படி. போன வாரம் அடித்த காற்றில் ரோஜாத் தோட்டத்துப் பாலிஹவுஸின் பிளாஸ்டிக் கூரை கிழிந்து செடி பாதி போய்விட்டது. பக்கத்து வீட்டு நாகம்மாவுக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது, நான் உன் ஊரிலிருந்து வந்ததும் ஓடி வந்து, கொழந்த யாரு ஜாடை, அக்கா என்று கேட்டாள். சுகுணா மூக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

டிராம் நின்ற அன்றைக்கு எனக்கு என்ன ஆயிற்று என்று உனக்கு முழுதாகச் சொல்லவே இல்லை. நீ கேட்கும் நிலையில் இல்லை. காலையில் பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் காலை உதைத்துக்கொண்டிருந்தாள், நர்ஸ்கூட இன்று பரவாயில்லை என்று சொன்னதாக நீதான் எனக்குச் சொன்னாய். ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வா என்றாய். வீட்டுக்குப் போய் ரசமும் சோறும் செய்து பையில் வைத்துக்கொண்டு, நீ சொல்லிக்கொடுத்தபடியே போனில் வழி காட்டும் அந்த ஆப்பைத் திறந்து, ஆஸ்பத்திரி பெயரைத் தொட்டு, ஆறாம் நம்பர் டிராமில் ஏறி உட்கார்ந்தேன். நீலப் புள்ளி நான், சிவப்புக் குறி ஆஸ்பத்திரி, தினமும் அப்படித்தானே வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் டிராம் நின்றுவிட்டது. மைக்கில் என்னவோ சொன்னார்கள், எல்லோரும் இறங்கினார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் வந்து கையைக் காட்டி இறங்கச் சொன்னார். முன்னால் எங்கேயோ விபத்தாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆப்பில் அந்தப் பழைய கோடு போய், ஒரு பஸ் படம் போட்டு வேறு கோடு வந்தது, கூடவே அவர்கள் பாஷையில் நாலு வரி. அதே நம்பர் பஸ் எதிரே வந்து நின்றது, ஏறிவிட்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஏற வேண்டும் அந்தப் பக்கம் நின்று ஏற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் போனைப் பார்க்கிறேன், புள்ளி சிவப்புக் குறியை விட்டு விலகிப் போகிறது. பஸ் பெரிய ரோட்டில் ஏறிவிட்டது, பட்டனை அழுத்துகிறேன், நிற்க அங்கே ஸ்டாப்பே இல்லை. நம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்றால் கண்டக்டர் ஊர் பெயரைக் கத்துவான், தப்பாக ஏறினாலும் திட்டியாவது இறக்கிவிடுவான். அங்கே கத்துவதற்கும் ஆளில்லை, நான் கத்தினால் புரிந்துகொள்ளவும் ஆளில்லை. அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். உன் பெயரைப் பார்த்துவிட்டு எடுத்தேன் கண்ணு, காதில் வைப்பதற்குள் சார்ஜ் இல்லாமல் போன் அணைந்துவிட்டது. கடைசி ஸ்டாப்பில் இறக்கிவிட்டார்கள். மழை. அங்கே குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் போனில், ஊட்டா ஆய்த்தம்மா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்று அவள் அம்மாவிடம் நமக்குத் தெரிந்த கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யாக்கம்மா அள்த்தா இத்தீரா, ஏனம்மா அழுகிறீர்கள் என்றாள், அப்போதுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது. சௌமியா என்று பெயர், தும்கூர்ப் பெண், படிக்க வந்தவளாம். டாக்சி பிடித்து என்னோடு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாள்.

நான் உள்ளே வரும்போது மாப்பிள்ளை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். பாப்பா உன் மடியில் இருந்தாள், முகத்தில் ஒரு குழாய்கூட இல்லை. ஒரு போனப் பாத்து வரத் தெரியாதாம்மா உனக்கு என்று கேட்டாய். சோற்றுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன். அதற்கப்புறம் நான் ஊருக்குக் கிளம்பும் வரைக்கும் நீ என்னிடம் பேசவில்லை, ஏர்போர்ட்டுக்கும் வரவில்லை. பெட்டியின் ஓட்டை வழியாக அந்தப் பிஞ்சு விரலைத் தொட்டதுதான் நான் அவளைத் தொட்டது. உயிரோடு ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அந்த ஆப்பை இன்னும் போனிலிருந்து எடுக்கவில்லை, அப்பா தூங்கியதும் திறந்து பார்க்கிறேன், உன் வீட்டு ஸ்டாப்புக்கு டிராம் வருகிறது, போகிறது.

எனக்கு உன் மேல் வருத்தம் இல்லை, நீ என் மேல் கோபமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று மாப்பிள்ளை கூப்பிட்டார். அவ உங்க மேல கோவமா இல்லங்க அத்த, கூடவே இருக்கேன்னு சொன்ன அம்மாவ ரசம் வேணும்னு நான்தான் அனுப்பிட்டேன், பாப்பாவ அவங்க பாக்க முடியாமப் போனதுக்கு நான்தான் காரணம்னு சொல்லிச் சொல்லி அழுவறா என்றார். பசித்தது, பெற்றவளிடம் கேட்டாய், அதில் என்ன தப்பு? நுரையீரல் வளரவில்லை, நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். நான் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் அவள் போயிருப்பாள்.

இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, அந்தச் சில்லென்ற தரையில் வெறுங்காலோடு நடக்காதே, மாப்பிள்ளையையும் சாப்பிடச் சொல், அவருக்கும் அது குழந்தைதான். நம் குலதெய்வம் உன்னை மறுபடி எழுந்து நடக்க வைக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது. யார் மேலாவது கோபப்பட்டால்தான் உனக்குத் தூக்கம் வரும் என்றால் என் மேல் கோபப்படு, வழி தெரியாமல் போனவள் நான்தானே. உன் மேல் மட்டும் கோபப்படாதே கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
சாந்தம்மா