வெட்டாமல் விட்ட கயிறு

அண்ணன்,

நேற்று உடுப்புக் காயப்போடக் கொடிக்கயிறு வாங்கக் கல்முனைச் சந்தைக்குப் போனேன். கடைக்காரர் புது நைலோன் சுருளை அவிழ்த்தபோது எழுந்த மணத்தில் எனக்கு முகம் சுட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வயது போன மனிதன் ஒரு கயிற்றுக்கு வெட்கப்படுவதைக் கண்டால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

தொண்ணூறுகளில் ஒரு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அந்தப் பாய்த்தோணி ஓட்டம். மருதமுனையில் தறி நெய்கிறவனுக்கு அது எதற்கு என்று உம்மா கேட்டா. சொன்னால் கேட்கிற வயதா எனக்கு? மச்சானும் நானும் அவன் தோணியைக் கரையேற்றி, பாயை ஏற்றி இறக்கும் தேங்காய்த் தும்புக் கயிற்றைக் கழற்றி நைலோன் போட்டோம். முன்பெல்லாம் மர உச்சியில் ஒரு வெறும் துளை. கயிறு அதில் உரசி உரசித்தான் பாய் ஏறும். அங்கே எங்கள் தறியிலிருந்து ஒரு மரக் கப்பியைக் கழற்றிக் கட்டினேன். ஒரு கையால் இழுத்தாலே பாய் விர்ரென்று ஏறியது. கண்டவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். உடுக்கச் சாரம் வாங்கப் பாண்டிருப்பிலிருந்து வந்த நீங்களும் அண்ணாந்து பார்த்து, "என்ன தம்பி, கடல்ல சாரமா நெய்யப் போறீங்க?" என்றீர்கள்.

கடலில் மிதக்கவிட்டிருந்த கொடியைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். இடையில் பாய் விழுந்தால் தோற்ற கணக்கு. கொடியை முதலில் சுற்றியது நாங்கள்தான். அப்போது பார்த்துக் காற்று பலமாக அடித்தது. பாயைக் கொஞ்சம் இறக்கலாம் என்றால் கயிறு அசையவில்லை. கரையிலிருந்தே அலைத்தூறலில் நனைந்துகொண்டு வந்த மரக் கப்பி ஊறி உப்பி, கயிற்றைக் கவ்விக்கொண்டது. தோணி எங்கள் சொல் கேளாமல் சரிந்துகொண்டே போய், நீங்கள் விரித்திருந்த வலையில் ஏறியது. சுக்கானில் வலை நன்றாகச் சுற்றிக்கொண்டது.

வள்ளத்தை வலித்துக்கொண்டு நீங்கள் வந்தீர்கள், கையில் கத்தியோடு. கரையில் நின்ற சனத்துக்கு எதுவும் தெரிகிற தூரமில்லை. "கயித்த வெட்டுங்க அண்ணன், பாய் விழட்டும். தோணி நிண்டா வலையக் கழட்டலாம்" என்று மச்சான் சொன்னான். நான் சொல்லவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு குனிந்து உங்கள் வலையை வெட்டினீர்கள்.

"கல்லுல மாட்டிக் கிழிஞ்சதெண்டு வீட்ட சொல்லிக்கிறன். நீங்களும் ஒருத்தருக்கும் கதைக்கப்படா. பொறகு உங்கட ஆக்களும் எங்கட ஆக்களும் மல்லுக்கு நிப்பாங்க. போங்க, காத்து இரிக்கி."

அந்த நாட்களில் உங்கள் தமிழ் ஊருக்கும் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் இடையே அதைவிடச் சின்னக் கதை போதும், சண்டை மூள. அதனால் வாயை மூடிக்கொண்டேன். வெற்றிக் கிண்ணத்தையும் வாங்கினேன். என்னைத் தோளில் தூக்கி ஆடினார்கள். மறுநாள் வலைநூலோடு பாண்டிருப்புக்கு வந்தபோது வாசல் படலையிலேயே அதை வாங்கிக்கொண்டு, கிண்ணத்தை ஏன் காட்டக் கொண்டுவரவில்லை என்று கேட்டீர்கள்.

போன மாதம் உங்கள் செத்த வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகன், எங்கள் ஆக்கள் மூத்தவரை அழைப்பதுபோல் என்னைக் காக்கா என்று சொல்லி, பக்கத்தில் நின்றவர்களுக்குக் காட்டினான். "இவர்தான் தோணி ஓடி வெண்ட மருதமுனைக் காக்கா. அந்த வருஷம் வலை கல்லுல கிழிஞ்சு, அதப் பின்னி முடிக்குமட்டும் அப்பா தொழிலுக்குப் போகாம வீட்டோட இருந்தவர். பசியில நாங்க அழுதா இவர்ட ஓட்டத்தத்தான் கதையாச் சொல்லுவார்."

எனக்கு இருக்க முடியவில்லை. அவனைத் தனியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவான் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவன் "கயித்த வெட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே காக்கா. அப்பா ஏன் வெட்டல்ல?" என்று மட்டும் கேட்டான்.

"தெரியா மகன்" என்றேன்.

எனக்குத் தெரியும் அண்ணன். என் முகம் உங்களிடம் கிண்ணத்தைக் கேட்டது.