நான் சொன்ன ‘வேணாம்’ என் மகளின் விலகல் அல்ல

அனுப்புநர்:
திருமதி நாகமணி பாக்கியராசா,
மோர்னிங்சைட், ஸ்காபரோ.

பெறுநர்:
தலைவர்,
கிழக்கொளி உயர்கல்வி நிதியம், ரொறன்ரோ.

பொருள்: உக்ரேனிய ஆய்வுத்துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செல்வி யதுஷா பாக்கியராசா கேட்ட உதவித்தொகை, அவரைக் கேளாமலே மறுக்கப்பட்டமை.

மதிப்புக்குரிய தலைவர் ஐயா,

1. என் மகள் யதுஷாவுக்கு முப்பத்தொரு வயது. போரில் காணாமற்போனவர்களுக்காக, இங்கு வந்து சேர்ந்த உக்ரேனியக் குடும்பத்தினர் எப்படிப் பிரார்த்திக்கிறார்கள் என்பதே அவளுடைய ஆய்வு. அவர்களுடைய தேவாலயங்களில் உயிரோடிருப்பவர்களின் பெயரை ஒரு தாளிலும் இறந்தவர்களின் பெயரை வேறொரு தாளிலும் எழுதிக் கொடுப்பார்களாம். மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத தாய் எந்தத் தாளில் எழுதுவாள்? அதைத்தான் யதுஷா கேட்டுப் பதிவுசெய்கிறாள்.

2. சென்ற மாதம் நிதியத்தின் செயலாளர் திரு. வின்சன்ற் எங்கள் வீட்டுக்கு அழைத்தார். யதுஷா வேலைக்குப் போயிருந்தாள். “அக்கா, பிள்ளையை உக்ரேனுக்கு விடப்போறியளே? அங்கை குண்டெல்லே விழுகுது” என்றார். அக்கறையில்தான் கேட்டார், அதில் எனக்குக் குறையில்லை. “ஐயோ, வேணாம் தம்பி, அவள் அங்க போக வேணாம்” என்றேன். என் அண்ணன் 1990இல் மட்டக்களப்பில் காணாமற்போனவர். இன்றுவரை அவருக்கு நாங்கள் திவசம் கொடுக்கவில்லை. என் வாயில் வேறு பதில் வந்திராது.

3. மறுவாரம் உங்கள் கடிதம் வந்தது: ‘குடும்பத்தின் விருப்பப்படி விண்ணப்பதாரர் விலகிக்கொண்டார்.’ யதுஷா விலகவில்லை. அவளோடு உங்களில் ஒருவரும் பேசவுமில்லை. இந்தக் காலத்தில் கலியாணப் பேச்சைக்கூடப் பிள்ளையைக் கேட்காமல் முடிப்பதில்லை, ஐயா.

4. அவள் உக்ரேனுக்குப் போகப்போவதே இல்லை. அவள் சந்திக்கும் தாய்மார் எல்லோரும் இங்கே ரொறன்ரோவிலேயே, எற்றோபிக்கோ பகுதியில் இருக்கிறார்கள். விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். நானே அதை உங்கள் கடிதம் வந்த பிறகுதான் வாசித்தேன். அவர்களில் சிலர் குளிர்காலத்துக்கு முன் தூர மேற்கே எட்மன்ரன் நகருக்குக் குடிபெயர்கிறார்கள். உதவி கிடைத்தால், இந்தத் தவணை வகுப்பெடுக்கும் வேலையை விட்டுவிட்டு, அவர்கள் போகுமுன் பேசி முடித்துவிடுவாள். கிடைக்காவிட்டால் அவர்களைத் தவறவிடுவாள்.

5. ‘உக்ரேனைப் படிச்சு எங்கட சனத்துக்கு என்ன பிரயோசனம்?’ என்று தெரிவுக்குழுவில் ஒருவர் கேட்டதாக அறிகிறேன். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இதில் என்ன அக்கறை என்று அந்தத் தாய்மாரிலும் ஒருவர் யதுஷாவிடம் கேட்டாராம். அவள் தன் மாமாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு அந்த அம்மா என் அண்ணனின் பெயரைக் கேட்டனுப்பினார். எந்தத் தாளில் எழுதுவது என்றும் கேட்டிருந்தார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

6. ஆகையால் ‘விலகிக்கொண்டார்’ என்ற பதிவை நீக்கி, வரும் தெரிவுக்குழுக் கூட்டத்தில் இவ்விண்ணப்பத்தை அதன் தகுதி கொண்டு பரிசீலிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குத்தான் தரவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஏதும் கேட்க வேண்டியிருந்தால் அவளுடைய கைபேசிக்கு அழையுங்கள். வீட்டுக்கு அழைத்தால் நான்தான் எடுப்பேன். எனக்கு இன்னமும் பயம்தான்.

இடம்: ஸ்காபரோ
திகதி: 18.08.2025

இப்படிக்கு,
நாகமணி பாக்கியராசா
(கையொப்பம்)