தலையுறையோடு எழுதிய தேர்வு

தேகு, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு, கராம் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

கல்லூரியில் ஆறு பாடம், காலையில் சோயாத் தோஃபு ஆலையில் வேலை. திங்களன்று வேலை முடிந்ததும் ஓடிப்போய்த் தேர்வு எழுத உட்கார்ந்தேன். வகுப்பே சிரித்தது. ஆலையில் போட்ட தலையுறையைக் கழற்ற மறந்திருந்தேன்!

பேராசிரியர் மின் என் அருகில் வந்தார். "ஏம்மா இப்படி ஓடுற? ரெண்டு பாடத்த அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடேன்."

"தள்ளினா உதவித்தொகை போயிடும் சார். ஆறையும் முடிச்சுக் காட்டுறேன்," என்றேன்.

இன்று அந்தத் தேர்வின் முடிவு வந்தது. வகுப்பில் மூன்றாவதாகத் தேறியிருக்கிறேன்.

காய்ந்த கணவாய் மீன் கொஞ்சம் அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் முகவரியை அண்ணியை எழுதச் சொல்லாமல், உங்கள் கையாலேயே எழுதுங்கள்; உங்கள் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று. பேருந்து வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
கராம்