சுஹானாவின் ஒலிப்பதிவு

ஜூலை 8, திங்கள்
சாக்கோட்டைப் பக்கம் பெண்கள் பள்ளியில் இன்று நாலு பேட்டி. அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிய என் ஆய்வுக்கு இதோடு இருபத்திரண்டு. கடைசியாக வந்தவள் சுஹானா, ஒன்பதாம் வகுப்பு. பத்து நிமிஷம் தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் பேச்சை நிறுத்தவே இல்லை. பஸ்ஸில் பதிவை மறுபடி கேட்டேன். இந்த ஒருத்தியை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

ஜூலை 9
காலையில் பள்ளி வாசலில் காத்து நின்றாள். "மிஸ், நேத்துப் பேசுனதை அழிச்சிருங்க." வேறு ஆட்கள் படிப்பார்கள் என்று அவளுக்குப் புரியவில்லையாம். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேனே, அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். "ஹெச்.எம். மிஸ்தான் போகச் சொன்னாக. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"
பார்க்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்க்கப் போகிறேன்?

ஜூலை 11
நெறியாளர் ராமநாதன் சாரிடம் கேட்டேன். தாயார் கையெழுத்து இருக்கிறது, பெயரை மாற்றிவிடு, போதும் என்றார். அந்தச் சின்ன ஊரில் பெயரை மாற்றினால் யாருக்கும் தெரியாதா? அவள் சொன்னதில் அவளுக்கு ஆபத்து ஏதுமில்லை. ஆனால் அது வெளியே வந்தால் அவள் அம்மா முகத்தில் முழிக்க முடியாது.
இன்னும் அழிக்கவில்லை.

ஜூலை 12
சுஹானாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருக்கு — அதுதான் பயமாயிருக்கு.

ஜூலை 15
அவள் அம்மா சைதுன் பீவி போன் செய்தார். மகள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அன்று என்ன பேசினாள் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். "கையெழுத்துப் போட்டது நாந்தானே? எனக்கே சொல்ல மாட்டீகளா?" குரலில் கோபமில்லை, பயம். பயப்படும்படி ஒன்றுமில்லை, பிள்ளையைத் துருவிக் கேட்காதீர்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.
உடனே பதிவைத் தேடி எடுத்தேன். அழிச்சேன். போன்ல, லேப்டாப்ல, எழுதின மூணு பக்கத்தையும்.

ஜூலை 16
முதலில் சுஹானாவிடம் சொன்னேன். போனை வாங்கி, தானே தேடிப் பார்த்துவிட்டுத்தான் தந்தாள்.
அழித்ததையும், ஹெச்.எம். சொல்லித்தான் அவள் வந்தாள் என்பதையும் சாரிடம் சொன்னேன். "மத்த இருபத்தொரு பேரு?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 6
டீச்சர்கள் யாரும் இல்லாத அறையில் ஒவ்வொருத்தியிடமும் புதிதாகச் சம்மதம் கேட்டு முடித்தேன். எட்டுப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும்.
பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது சுஹானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் வரும்வரை பேசினாள். இடையில் ஒருமுறை சத்தமாகச் சிரிக்கவும் செய்தாள். என்ன பேசினாள் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை.