தளர்ந்த கட்டு

வீட்டைக் காக்கிற மகராசிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தை வேளாவேளைக்குச் சாப்பிடுறாங்களா?

உன் தம்பி ஊருக்கு வர்றான். பதறாத, உசுருக்கு ஒண்ணுமில்ல. சாரத்துலேருந்து விழுந்துட்டான், இடுப்புல அடி, நடக்கக் கம்பு வேணும். விழும்போதும் பூச்சுக் கரண்டிய விடல. நான் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க அப்பா ஒழுகுற கூடத்துல விரிச்ச குடையோட நகராம உக்காந்திருந்தாரே, அதே பிடிவாதம்.

சாரத்துப் பலகைக் கட்டு தளர்ந்திருந்தத நான் காலையிலேயே பாத்தேன். இங்க குறை சொல்றவன்தான் ஏறிக் கட்டணும். அதனால மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அடுத்து ஏறினது அவன்.

ஆபீஸ்காரர் இங்கிலீஷ்ல ஒரு தாள் எழுதினாரு. "'அவெர்ட்'னு போட்டிருக்கேன்ணே. நீங்க விபத்தத் தடுக்கப் பாத்தீங்க, அவன் கேக்கலன்னு அர்த்தம். கையெழுத்துப் போடுங்க."

"அந்த வார்த்தை அதுக்கு மட்டுந்தானா தம்பி?"

"கண்ணத் திருப்பிக்கிறதுக்கும் அதான். ஏன்ணே?"

கையெழுத்தப் போட்டுட்டேன். தப்பு அவனோடதுன்னு அனுப்புறாங்க. அவனோ என் கையப் பிடிச்சுக்கிட்டு, "மாமா, தூக்கிட்டு ஓட நீங்க இருந்ததாலதான் பொழச்சேன்"ங்கிறான்.

வாசப்படி உயரம், ஒரு கல்லு போட்டு வை. என் கட்டில அவனுக்குக் குடு. அவன் எனக்குன்னு எடுத்து வச்சிருக்கிற சோப்ப நான் தொடவே இல்ல.

வேலைக்கு வண்டி வந்துருச்சு. அவன் என்னைப் பெருமையாப் பேசினா நம்பாத. இந்தக் கடுதாசிய அவனுக்குப் படிச்சுக் காட்டு.