ஏழாவது சர்வரும் பதினெட்டு டிகிரியும்

ஜூன் 3, செவ்வாய்

சத்தியமாகச் சொல்கிறேன்: இந்த நோட்டில் எழுதப் போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. எழுதுகிறவன் நான், படிக்கப் போகிறவனும் நான். இரண்டு பேரில் ஒருவன்கூட நம்பமாட்டான். ஆனாலும் எழுதாவிட்டால் வரலாறு என் சட்டையைப் பிடித்து உலுக்கும்.

இருபத்தாறு வருடங்களாக இந்தக் கல்லூரியின் சர்வர் அறையை ஆண்டு வருகிறேன். ராஜ்ஜியம் பன்னிரண்டடிக்குப் பத்தடி. குளிரென்றால் அப்படி ஒரு குளிர். போன வருடம் ஒரு பென்குயின் வந்து வாடகைக்கு இடம் கேட்டது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பல்லு கிட்டுதே, கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்றது. அனுப்பிவிட்டேன்.

இன்று முதல்வர் அம்மா கூட்டம் போட்டார். கருகரு முடியோடு வந்து உட்கார்ந்த கணிதத் துறைத் தலைவர் நரைத்துப்போய் எழுந்தார். அவ்வளவு நீளம். சாரம் இதுதான்: மதிப்பெண், வருகைப் பதிவு, நூலகம் எதுவும் இனி நம் கணினிகளில் இருக்காது. எல்லாம் க்ளவுடுக்குப் போகிறது. அதாவது எங்கோ ஒரு கம்பெனியின் பெரிய கணினிகளில் இருக்கும். நாம் நெட் வழியாகப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இருபதாம் தேதிக்குள்ள ஏழு சர்வரும் காலியாகணும். அன்னைக்கே ஏ.சி.யக் கழட்டிட்டு, உடைஞ்ச பெஞ்செல்லாம் அந்த ரூம்ல போட்டுடலாம்" என்றார்.

ஏழு என்பது பட்டியலில்தான். அறையில் இருப்பது ஆறு.

ஜூன் 4, புதன்

ஏழாவதைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

என் அக்கா மகள் இதே கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். ஆற்றங்கரையில் நான்கு வருடம் அலைந்து காட்டுப்புல், செடி, கொடி என்று விதை சேர்த்தாள். தன் துறை ஃப்ரிட்ஜில் வைத்தாள். விடுமுறை விட்டால் எல்லாத் துறைகளுக்கும் கரண்டை நிறுத்திவிடுவது இங்கே வழக்கம். விடுமுறை முடிந்து திறந்தால் உள்ளே பூஞ்சை. அழவில்லை; மாடிப்படியில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி போய்ச் சேர்த்தாள். அதுவும் ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது அந்தக் கரையில் நான்கு வழிச்சாலை ஓடுகிறது. மூன்றாம் முறை சேர்க்க அங்கே ஒரு புல்லும் மிச்சமில்லை.

ஞாயிறு, விடுமுறை எதுவும் பாராமல் பதினெட்டு டிகிரியில் குளிர் ஓடும் ஒரே அறை என்னுடையது. ஜெனரேட்டர் வேறு. ஆகவே செத்துப்போன சர்வர் ஒன்றின் உயரமான இரும்புப் பெட்டியைக் காலி செய்தேன். அவளுடைய நானூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகளை அடுக்கினேன். கதவில் மினுக் மினுக்கென்று ஒரு பச்சை விளக்கை ஒட்டினேன். பட்டியலில் "சர்வர் எண் 7 - அதிமுக்கியம் - தொடக்கூடாது" என்று எழுதினேன். அவளிடம், "அப்போதைய முதல்வர்கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கிட்டேம்மா" என்றேன். நான் அந்த முதல்வரிடம் வாங்கியது திட்டு மட்டும்தான், அதுவும் வேறு விஷயத்துக்கு.

பிறகு வந்த முதல்வர்கள் எல்லாம் விருந்தினர்களைக் கூட்டி வந்து ஏழாம் எண்ணைத்தான் முதலில் காட்டினார்கள். மற்ற ஆறும் அழுக்குப் பிடித்து இரைந்துகொண்டிருக்கும். இது மட்டும் அமைதியாக, கம்பீரமாக... பெரிய மனுஷன் மாதிரி.

ஜூன் 6, வெள்ளி

க்ளவுட் கம்பெனி ஆள் வந்துவிட்டார். மெலிந்த மனிதர், மெலிந்த குரல். மேகத்தார் என்று பெயர் சூட்டியிருக்கிறேன்.

"சார், நெட்வொர்க்ல ஆறுதான் தெரியுது."

"ஏழாவது கொஞ்சம் கூச்ச சுபாவம்."

"அதுல என்ன ஓடுது?"

"ஓடவெல்லாம் ஓடாது. ரொம்ப நிதானம்."

"டேட்டா எவ்வளவு இருக்கும்?"

"நானூத்திப் பன்னெண்டு."

"ஜிபியா, டிபியா?"

குப்பி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "ரெண்டுக்கும் நடுவுல" என்றேன்.

குறித்துக்கொண்டார். சிரிக்கவில்லை. சிரிக்காத ஆட்களிடம்தான் எனக்குப் பயம்.

ஜூன் 7, சனி

ஏழாம் எண் நலம். நான் நலமில்லை.

ஜூன் 9, திங்கள்

அக்கா மகள் அறைக்குள் ஓடியே வந்தாள். முப்பத்தெட்டு வயதுக்காரி, ஆறு வயதில் ஓடினது மாதிரி.

"மாமா! விதைக் காப்பகத்துலேர்ந்து பதில் வந்துடுச்சு. பதினெட்டாம் தேதி அதிகாரி நேர்ல வர்றாங்க!"

ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவர்கள் எடுத்துக்கொண்டால், பூமிக்கு அடியில் உறைகுளிரில் நூறு வருடம் பத்திரமாக இருக்குமாம். ஒரே நிபந்தனை: இந்த ஒன்பது வருடம் எந்தக் குளிரில் இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

"அந்தப் பர்மிஷன் லெட்டரும் குடுங்க மாமா, சேர்த்து வச்சுக்கறேன்."

"அதை... கரையான் தின்னுடுச்சும்மா. சாதாரணக் கரையான் இல்ல, எலி சைஸ்ல -"

"மாமா."

"ம்."

"லெட்டர் இருந்துச்சா, இல்லையா?"

சொல்லிவிட்டேன்.

"என் ஒன்பது வருஷ உழைப்ப ஒரு பொய்க்குள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க. நாளைக்கு இத குப்பைன்னு எவனாவது தூக்கிப் போட்டா, 'இது என்னுது'ன்னு சொல்லக்கூட என்கிட்ட ஒரு காகிதம் இல்ல."

போய்விட்டாள். கதவை அறைந்திருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா போனில். "என்னடா பண்ணித் தொலைச்ச? பொண்ணு ஒரு வாய் சாப்பிடல." "ஒண்ணுமில்லக்கா." "உன் ஒண்ணுமில்ல எனக்குத் தெரியாதா? நீ பொறந்ததுலேர்ந்து பாத்துட்டிருக்கேன்." வைத்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

மேகத்தார் ஏழாம் எண்ணின் சாவி கேட்டார். கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

கதவைத் திறந்தார். ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அவள் எழுதியிருந்த சீட்டை வாய்விட்டுப் படித்தார்: "வெள்ளைப்பூக் கோரை. மூன்றாம் வளைவு, மணல்திட்டு." ரொம்பக் கவனமாக அதே இடத்தில் வைத்தார்.

"சார், இது சர்வர் இல்ல."

"நெட்வொர்க்ல தெரியாதுன்னு நீங்களே சொன்னீங்களே."

அதற்கும் சிரிக்கவில்லை. எனவே உண்மையைச் சொன்னேன். பென்குயின் இல்லாமல், கரையான் இல்லாமல். நான்கே நிமிடத்தில் முடிந்துவிட்டது. உண்மை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"ஏழுன்னு நான் ரிப்போர்ட் எழுத முடியாது சார். நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே மேடத்துகிட்ட சொல்லிடுங்க. அதுதான் நல்லது."

ஜூன் 12, வியாழன்

சொன்னேன். முதல்வர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா? போங்க, போங்க." அவர் நம்புவதற்கு நான் திரும்பிப் போய் ஒரு குப்பியை எடுத்து வந்து மேஜையில் வைக்க வேண்டியிருந்தது.

சிரிப்பு நின்றது.

"போன மாசம்தான் பார்வையாளர்கள்கிட்ட அதக் காட்டி, 'இதுதான் எங்க காலேஜோட மூளை'ன்னு சொன்னேன்."

"பரவாயில்ல மேடம். ஒரு வகையில -"

"பேசாதீங்க."

விளக்கம் கேட்டு மெமோ. குப்பிகள் இருபதாம் தேதி வரை இருக்கலாம். அதன் பிறகு ஒரு மணி நேரம்கூட ஏ.சி. கிடையாது. நியாயம்தான். வருடா வருடம் தேர்வு முடிவு அன்று காலை பத்து ஐந்துக்கு என் ஆறு சர்வரும் ஒரே நேரத்தில் மயக்கம் போட்டு விழும். பிள்ளைகள் என் கதவைத் தட்டித் தட்டி அழும். க்ளவுட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அக்கா மகள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள்.

"டெம்பரேச்சருக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"இருக்கும்மா. தினமும் காலையில தெர்மாமீட்டர் பாத்து, முதல் சர்வர்ல ஒரு ஃபைல்ல எழுதியிருக்கேன். ஒன்பது வருஷம். ஞாயித்துக்கிழமைகூட வந்து."

"நீங்க எழுதினதா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "நீங்க எழுதினத யாரு மாமா நம்புவா?"

துடைத்த தெர்மாமீட்டரையே மறுபடி துடைத்தேன்.

மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த மேகத்தார் திரும்பினார். "மேடம், நம்ப வேண்டியதில்ல. சர்வர் தினம் சாயங்காலம் தானா எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வைக்குது. ஒவ்வொரு நாள் காப்பியிலயும் அந்த ஃபைல் அன்னைக்கு இருந்தபடி இருக்கும். வரிசையா ஒப்பிட்டுப் பாத்தா, பின்னாடி யாராவது ஒரு எழுத்து மாத்தியிருந்தாலும் தெரிஞ்சுடும்."

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஆனா ஒரு வருஷத்துக்கு மேல பழைய காப்பிய ஏத்த மாட்டோம். இருபதாம் தேதி அழிச்சிடுவோம். முதல்வர் மேடம் கையெழுத்துப் போட்டா, அதையும் சேர்த்து ஏத்திடலாம்."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஜூன் 14, சனி

அந்த இரண்டு நாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால். ஒரு வெள்ளிக்கிழமை ஏ.சி.யிலிருந்து கர்ர் என்று சத்தம் வந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று போய்விட்டேன். சனிக்கிழமை காலை 31 டிகிரி. ஞாயிறும் 31. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வந்தார். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஃபைலில் எழுதினேன். ஏன் எழுதினேன்? 18 என்று போட்டிருந்தால் எந்தப் பிரம்மாவுக்குத் தெரியும்? ஊரெல்லாம் அள்ளிவிடுகிறவனுக்கு அந்த ஒரு கட்டத்தில் மட்டும் விரல் பொய் அடிக்க மறுத்தது.

இப்போது அந்த இரண்டு வரியால் காப்பகம் வேண்டாம் என்றுவிட்டால்? நானூற்றுப் பன்னிரண்டும் போச்சு. பழைய காப்பியெல்லாம் கெட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். என்னிடமிருந்து வரும் இன்னொரு பொய், யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

ஆனால் காப்பி இல்லையென்றால் அவளிடம் ஆதாரமும் இல்லை. இருந்தால் என் தப்பும் சேர்ந்து வரும். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வழியே இல்லாமல் அந்தச் சர்வர் தினம் தினம் காப்பி எடுத்திருக்கிறது. சனியன். என்ன நேர்மை.

ஜூன் 16, திங்கள்

அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். பேனாவை எடுத்தாள்.

"எத்தன டிகிரி?"

"முப்பத்தொண்ணு."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நாள். திங்கக்கிழம மத்தியானம் சரியாயிடுச்சு."

எழுதிக்கொண்டாள். "வாங்க, மேடத்துகிட்ட போலாம்" என்றாள். வாங்க மாமா என்று சொல்லவில்லை. வாங்க என்றாவது சொன்னாளே.

பழைய காப்பிகளையும் ஏற்ற அனுமதி கேட்ட காகிதத்தை முதல்வர் அம்மா மூன்று தடவை படித்தார். "இதுல எட்டாவது சர்வர் எதுவும் இல்லையே?" கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 18, புதன்

அதிகாரி அம்மா வந்தார். குப்பிகளைப் பார்த்தார். உட்கார்ந்தார். மேகத்தார், க்ளவுடுக்குப் போய்ச் சேர்ந்திருந்த காப்பிகளைத் தன் மடிக்கணினியில் திறந்து அவர் பக்கம் திருப்பினார். மூவாயிரத்துச் சொச்சம் நாட்கள். 18, 18, 18, 18. நடுவில் எங்கேயாவது 19.

விரல் நின்றது. சத்தமாகப் படித்தார்: "31. வெள்ளியன்றே சத்தம் கேட்டது. கவனிக்கவில்லை. என் தப்பு."

என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, அந்தக் குளிரிலும்.

"இத எழுதினது யாரு?"

கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"எல்லாரும் பதினெட்டு, பதினெட்டுன்னு அழகா எழுதி அனுப்புவாங்க சார். நான் முதல்ல தப்பு நடந்த நாளத்தான் தேடுவேன். அது கிடைச்சாத்தான் மத்த நாள நம்புவேன்." அக்கா மகள் பக்கம் திரும்பினார். "மூடின குப்பிக்கு ரெண்டு நாள் சூடு பெரிய விஷயம் இல்ல. முளைக்க வச்சுப் பாத்துட்டு முடிவு சொல்றோம். நாளைக்கே எடுத்துக்கறோம்."

அக்கா மகள் என் பக்கம் வந்தாள். என் சட்டைக் காலர் மடங்கியிருந்தது போலிருக்கிறது. நிமிர்த்திவிட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

ஏ.சி.யைக் கழற்றினார்கள். பச்சை விளக்கை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

இன்று தேர்வு முடிவு. பத்து ஐந்து ஆனது. பத்து பத்து ஆனது. எதுவும் மயங்கி விழவில்லை. ஒருவரும் என் கதவைத் தட்டவில்லை. பிள்ளைகள் மரத்தடியில் போனில் பார்த்துவிட்டு அங்கேயே கத்திக் குதித்தார்கள். நல்ல சத்தம். இப்போது நான் க்ளவுடில் கடவுச்சொல் மறந்த பேராசிரியர்களுக்கான தனி அமைச்சர். காலையிலிருந்து நாற்பதாயிரம் பேர் வந்தார்கள். கணிதத் துறைத் தலைவர் மட்டும் பன்னிரண்டாயிரம் தடவை.

மத்தியானம் அக்கா மகள் வந்தாள். காப்பகத்தின் கடிதம். முளைக்க வைத்ததில் நூற்றுக்கு எண்பத்தொன்று முளைத்திருக்கிறது. எடுத்துக்கொண்டார்கள். கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "காப்பி போட்டு வச்சுக்கோங்க மாமா, கரையான் வந்துடப் போகுது" என்றாள்.

தெருவில் எல்லோரிடமும் நூற்றுக்கு நூற்றைம்பது முளைத்தது என்று சொல்லியிருக்கிறேன். சில விதைகள் இரண்டு தடவை முளைத்தன, ஒன்று பூத்தே வந்துவிட்டது. அக்காகூட நம்பவில்லை.

சாயங்காலம் பழைய அறையை எட்டிப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகள். தெர்மாமீட்டர் மட்டும் சுவரிலேயே இருக்கிறது. முப்பத்து நான்கு.

பென்குயின் பொய். நரைத்த முடி பொய் - அது முன்பே நரைத்ததுதான். எலி சைஸ் கரையானும், நாற்பதாயிரம் பேரும் பொய். பதினெட்டு மட்டும் நிஜம். அந்த இரண்டு நாள் முப்பத்தொன்றும்.