இரண்டாவது தந்தி

04.03.2025, செவ்வாய்
யது இன்று முழு வாழைப்பழமும் தின்றாளாம். மத்தியானம் அழாமல் நித்திரை கொண்டாளாம். அருந்ததி சொல்கிறாள். பிரசவ லீவு முடிந்து நான் கந்தோருக்குப் போகத் தொடங்கியதிலிருந்து பிள்ளை இவரின் தங்கச்சி அருந்ததியோடுதான். சொல்வதை நம்பத்தானே வேண்டும்?

பின்னேரம் யதுவைத் தூங்கவைக்க யுக்குலேலேயை, அந்த நாலு தந்திக் குட்டிக் கிட்டாரை, எடுத்தேன். இரண்டாவது தந்தி இறங்கிக் கிடந்தது. நேற்றுத்தான் போனில் சுருதி பார்த்து முறுக்கினேன். மற்ற மூன்றும் சரியாக இருக்க, ஒன்று மட்டும் தன்பாட்டில் இறங்குமா?

05.03
இன்றும் இறங்கியிருந்தது.

"யுக்குலேலேயைத் தொட்டனீரோ?" என்று கேட்டேன்.

"நானேன் மச்சாள் அதைத் தொடுறன்?" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. யதுவின் மூக்கைத் துடைக்கிற மாதிரிக் குனிந்தாள். மூக்கில் ஒன்றும் இல்லை.

இதில் பொய் சொல்லுகிறவள் பால் கொடுத்தேன் என்பதிலும் சொல்ல மாட்டாளா?

06.03
அதே தந்தி. அது மட்டும்.

08.03, சனி
இணையத்தில் தேடினேன். தந்தி மாற்றவேண்டிய காலம் வந்தால் சுருதி நிற்காதாம், சத்தம் மங்குமாம், அடிப்பக்கத்தில் விரல் அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்திருக்குமாம். கம்பஸில் படித்த காலத்தில் வாங்கியது, ஒருநாளும் மாற்றியதில்லை. அதுதான் காரணமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நகத்தால் தடவிப் பார்த்தேன்.

மற்ற மூன்றிலும் பள்ளம். இரண்டாவது மட்டும் வழுவழு என்று இருந்தது. புதுசு! முடிச்சும் வேறு. மீன்காரர் போடுகிற முடிச்சு.

எனக்குத் தெரியாமல் ஆரோ மாத்தியிருக்கினம். வேறு ஆர்? அவள்தான். இன்னும் என்னென்ன மறைக்கிறாள்? பிள்ளை விழுந்தாலும் சொல்லமாட்டாளே!

கணவர் அனோஜனிடம் சொன்னேன். "திங்கட்கிழமை யதுவைத் துணுக்காய்க்கு, அம்மாவிட்டக் கொண்டுபோய் விடுறன்."

"ஒரு தந்திக்காகவோ?"

"தந்தி இல்லையப்பா. பொய்."

மோட்டார் சைக்கிளைக் கழுவப் போய்விட்டார். தங்கச்சி என்றால் வாய் திறக்காது.

09.03, ஞாயிறு
குசினிக்குள் வைத்துக் கேட்டேன். அருந்ததி முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள்.

"அறுந்து போச்சு மச்சாள். யது மத்தியானத்தில உங்களைத் தேடி ஒரே அழுகை. நீங்கள் வாசிக்கிற மாதிரி ஒருக்கா வாசிச்சுப் பாப்பம் எண்டு எடுத்தனான். டொக்கெண்டு அறுந்துது. மீன்பிடிக்கிற சுடலைமுத்து அண்ணையிட்டத் தங்கூசி வாங்கிக் கட்டினனான்."

தங்கூசி! மீன் தூண்டிலில் கட்டுகிற நைலோன் நூல். புதுசு இழுபட இழுபட இறங்கத்தானே செய்யும். மாற்றாமல் விட்ட பழசு என் கையிலேயே அறுந்திருக்கும். அதை விடுவோம். எனக்கு வேறொன்றுதான் குத்தியது.

"அழாமல் நித்திரை கொண்டவள் எண்டீர்?"

கத்தியை எடுத்து மறுபடி முருங்கைக்காயை நறுக்கத் தொடங்கினாள்.

"எத்தினை நாளா அழுகிறாள்?"

"நீங்கள் வேலைக்குப் போன நாளிலயிருந்து."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் வேலைக்குப் போவியளோ?"

என் பிள்ளை அழுததை எனக்கு மறைக்க இவள் யார்? ஆனால் போயிருப்பேனா?

10.03
துணுக்காய்க்குப் போகவில்லை. லீவு போட்டு வீட்டில் நின்றேன். மத்தியானம் யது அழவேயில்லை. நான் நிற்கிறேனே, எப்படி அழுவாள்? இதை வைத்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

13.03, பௌர்ணமிப் போயா விடுமுறை
யாழ்ப்பாணத்தில் சொல்லிவிட்ட தந்திகள் நேற்று பஸ்ஸில் வந்தன. நாலையும் மாற்றினோம். அருந்ததி கட்டினாள், நான் முறுக்கினேன். அவள் முடிச்சு என்னுடையதைவிட இறுக்கம்.

"தங்கூசியை எறியாதேங்கோ மச்சாள். மகளின்ர அழுகையைப் பிடிக்கேலாட்டி மீனையாவது பிடிப்பம்" என்றாள். சிரிக்கக்கூடாது என்றிருந்தேன். அனோஜன்தான் முதலில் சிரித்தார்.

அவளுக்கு யதுவின் தாலாட்டு மெட்டைக் காட்டிக் கொடுத்தேன். பாதி ஏற்கனவே தெரிந்திருந்தது. எத்தனை தரம் எடுத்திருக்கிறாள்? கேட்கவில்லை.

17.03, திங்கள்
வேலையால் வந்து எடுத்தேன். நாலும் இறங்கிக் கிடந்தன. முறுக்கினேன்.

அருந்ததி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"இண்டைக்கு நல்லா அழுதவள் மச்சாள்."

"வாசிச்சுப் பாத்தனீரோ?"

"ஓம். அதுக்கும் நிக்கேல்ல. தோளில போட்டுக்கொண்டு வளவெல்லாம் திரிஞ்சனான்."

நெஞ்சு நொந்தது. நாளைக்கு வேலைக்குப் போகிறேன்.